எந்தப் பக்கம் சார்?



போன தீபாவளி சமயத்தில் என் அம்பாசிடர் காரின் சத்தத்தை ஒரு நிமிடக் காணொளியாக இங்கே போட்டிருந்தேன். "மாஸ் சார்", "வேற லெவல் சார்" என்று சென்னையிலிருந்தும் துபாயிலிருந்தும் எழுதியிருந்தீர்கள். என் தங்கை மகன், "மாமா, அடுத்து ரேஸுக்குத்தானே?" என்று கேட்டிருந்தான். அந்தக் காணொளியை நீக்கி இரண்டு மாதம் ஆகிறது. போன வாரம் ஒரு கல்யாண வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கியபோது என் பழைய மாணவர்கள் நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். "என்ன சார், வந்ததே தெரியலை. சத்தம் எங்கே போச்சு?"

ஆளுக்கு ஒரு பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளமான பதிவு. மறுபடியும் வகுப்பில் உட்கார வைத்துவிட்டார் என்று திட்டாமல் படியுங்கள்.

என் அப்பா சாத்தூர் ரயில் நிலையத்துக்கு முன்னால் வாடகைக் கார் ஓட்டியவர். உறவினர்களுக்குத் தெரியும், மாணவர்கள் பலருக்குத் தெரியாது. சொந்த வண்டி இல்லை, முதலாளி வண்டி. அம்பாசிடர் மார்க் 2. வெளியூர் சவாரி முடித்து ராத்திரி வைப்பாற்றுப் பாலத்தில் வண்டி ஏறும்போதே எங்கள் வீட்டுக்குச் சத்தம் கேட்கும். அம்மா பாதித் தூக்கத்தில் எழுந்து, "அப்பா வந்தாச்சு" என்று அடுப்பைக் கிளறித் தோசைக்கல்லைப் போடுவார். முதலாளி வீட்டில் வண்டியை விட்டுவிட்டு அப்பா நடந்து வருவதற்குள் தட்டில் இரண்டு தோசை இருக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டால்தான் எனக்கும் என் தங்கைக்கும் நிம்மதியாகத் தூக்கம் வரும். எழுத்தில் எப்படிச் சொல்வது? தொண்டையைச் செருமாமல் பேசுகிற ஒரு பெரிய மனிதரின் குரல் மாதிரி இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெற்ற பணத்தில் 2019-ல் ஒரு அம்பாசிடர் வாங்கினேன். 1986 மாடல், மார்க் 4, பெட்ரோல் வண்டி. கல்கத்தா பக்கம் உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் இந்த வண்டியை 2014-லேயே நிறுத்திவிட்டது. வீட்டம்மா, "ஒரு செகண்ட் ஹேண்ட் மாருதி வாங்கியிருக்கலாம்" என்று இன்றைக்கும் சொல்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு.

வண்டி வந்தது, சத்தம் வரவில்லை. பழைய சொந்தக்காரர் ஏதோ மலிவான சைலன்சரை மாட்டி வைத்திருந்தார். தகர டின்னுக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கிய மாதிரி ஒரு சத்தம். நாலு வருஷம் பொறுத்தேன். பிறகு மதுரை ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் என் மாணவன் ஒருவனிடம் கொண்டுபோனேன். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். ஐந்தாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லத் தெரியாமல் என்னிடம் நிறைய அடி வாங்கியவன். அதற்காக இன்று வருத்தப்படுகிறேன், ஏனென்றால் இப்போது காதை வைத்தே எந்த சிலிண்டர் அடிக்கவில்லை என்று சொல்கிறான்.

"எங்கப்பா வண்டிச் சத்தம் வரணும்ப்பா" என்றேன்.

"சைலன்சரைக் கழட்டிப்புட்டு நேர் பைப்பு போட்டுருவோம் சார். இழுவையும் கூடும்."

"டேய், ஊர்ல நான் வாத்தியாருடா."

"அப்ப பாதிக்குப் பாதி வச்சுக்கிருவோம்" என்றான்.

இங்கே கொஞ்சம் பாடம் நடத்திக்கொள்கிறேன். எஞ்சினுக்குள் பெட்ரோல் எரிந்து முடிந்து வால்வு திறக்கும்போது, அழுத்தத்தில் இருக்கும் சூடான புகை ஒரு தட்டு தட்டிக்கொண்டு வெளியே பாயும். சத்தம் என்பது அந்தத் தட்டுதான். நாலு சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு தட்டு. நிமிடத்துக்கு 800 சுற்றில் ஐட்லிங் ஓடும்போது 1600 தட்டு, வினாடிக்குச் சுமார் 27. மனிதக் காது 20-க்கு மேல்தான் அதை ஓர் ஒலியாகக் கேட்கும். அதனால்தான் நிற்கிற அம்பாசிடரின் சத்தம் துடிப்பா ஒலியா என்று சொல்ல முடியாத எல்லையில் இருக்கும். புல்லட்டுக்கு ஒரே சிலிண்டர், வினாடிக்கு எட்டு ஒன்பது தட்டுதான் வரும். தனித்தனியாக எண்ணலாம் போல இருப்பதால் அது "டப் டப்".

அம்பாசிடருக்கு இன்னொரு விசேஷம் உண்டு. அதன் 1489 சிசி எஞ்சின் இங்கிலாந்தின் பி.எம்.சி. கம்பெனியின் பழைய வடிவமைப்பு. சிலிண்டர் நாலு, ஆனால் ஹெட்டில் புகை வெளியேறும் வாய் மூன்றுதான். நடுவில் இருக்கும் 2, 3 ஆம் சிலிண்டர்கள் இரண்டும் ஒரே வாயைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. கூட்டுக்குடும்பத்தில் ஒரு கதவு வைத்த மாதிரி. நாலு வாய் உள்ள எஞ்சினின் குரலும் இதன் குரலும் ஒன்றாக இருக்காததற்கு அதுவும் ஒரு காரணம் என்பான் என் மாணவன்.

இந்தத் தட்டுகளை அடக்குவது சைலன்சரின் வேலை. அதில் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, உள்ளே அறை அறையாகத் தடுப்பு வைத்து, துளை போட்ட குழாய் வழியாகப் புகையை முன்னும் பின்னும் அலைய விடுவது. ஓர் அறையிலிருந்து திரும்பி வரும் ஒலி அடுத்து வரும் ஒலியோடு மோதி இரண்டும் தணியும். மற்றது, துளை போட்ட நேர்க் குழாயைச் சுற்றி கண்ணாடிப் பஞ்சை அடைத்து ஒலியை உறிஞ்ச வைப்பது. இதில் கீச்சென்ற ஒலி போய்விடும், கனத்த ஒலி தங்கும். "கெத்தான" சத்தம் கேட்கிறவர்கள் இந்த இரண்டாவதைத்தான் தேடுகிறார்கள்.

(இதன் சரித்திரமும் சுவையானது. 1897-லேயே அமெரிக்காவில் ரீவ்ஸ் சகோதரர்கள் எஞ்சின் சத்தத்தை அடக்கும் கருவிக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். மேக்சிம் என்பவர் இயந்திரத் துப்பாக்கி கண்டுபிடித்து, அதைச் சுட்டுச் சுட்டே காது மந்தமாகிப் போனார். அவர் மகன் துப்பாக்கிக்கு சைலன்சர் கண்டுபிடித்தார். அப்பன் போட்ட சத்தத்தை மகன் அடக்கியிருக்கிறான். என் கதையில் இது தலைகீழாக நடந்தது.)

பழைய சைலன்சரை அறுத்து, தடுப்புகளை உருவிவிட்டு, நேர்க் குழாய் வைத்துப் பஞ்சு அடைத்து வெல்டிங் வைத்தான். ஒன்றரை அங்குல பைப்புக்குப் பதில் இரண்டு அங்குலம். சட்டம் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. சத்தம், புகை விதிகளை மீறினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறைகூட உண்டு. எங்கள் தெருவில் சைலன்சரைக் கழற்றி பைக் ஓட்டிய பையனை நிறுத்தி இந்தச் சட்டத்தையெல்லாம் சொன்னவனே நான்தான். என் வண்டி என்று வந்ததும், "இது பழைய வண்டி, இது ஆசைக்கு, இது அப்பாவுக்காக" என்று மனசு வக்கீல் வைத்து வாதாடியது.

முதல் நாள் பட்டறையில் கிளப்பிய நிமிடத்தை இப்போது நினைத்தாலும் எனக்குக் கெட்ட நினைவாகத் தெரியவில்லை. அப்படி ஒரு சத்தம். காலடியில் மண் அதிர்ந்தது. பக்கத்து டீக்கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மாணவன் பார்க்காமல் கண்ணாடியைத் துடைத்தேன். அன்று சாயங்காலம் எடுத்ததுதான் நீங்கள் பார்த்த காணொளி. வீட்டம்மா மட்டும், "அடுத்த வீட்டுக் கைக்குழந்தை தூங்க வேண்டாமா?" என்றார்.

வண்டியில் ஒரு குறை இருந்தது. வேகமாகப் போய் ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் பின்னால் "டப்" என்று ஒரு வெடி. மாணவனிடம் சொன்னேன். "அது பேக் ஃபயர் சார், பழைய வண்டிக்கு வரத்தான் செய்யும். பசங்க அதுக்குன்னே காசு கொடுத்து வைக்கிறாங்க" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஐந்து மணி இருக்கும். வெம்பக்கோட்டை ரோட்டில் ஒரு உறவினர் வீட்டுத் துக்கம் விசாரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஊரின் பெயர் வேண்டாம். ஊர் நுழைவில் வேகத்தடை, அதை ஒட்டிப் பேருந்து நிறுத்தம். பட்டாசு ஆலை வேன் அப்போதுதான் பெண்களை இறக்கிவிட்டுப் போயிருக்கிறது. சிலர் சும்மாட்டுத் துணியை உதறிக்கொண்டிருந்தார்கள், சிலர் கைகளில் வெள்ளி நிற மருந்துத் தூள். வேகத்தடையைப் பார்த்துக் காலை எடுத்தேன்.

அன்றைக்கு "டப்" இல்லை. "டம்".

பிள்ளைகளே, உங்களில் வெளியூரில் இருப்பவர்களுக்கு இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். சென்னையில் இப்படி ஒரு சத்தம் கேட்டால் ஜனங்கள் சத்தம் போட்ட வண்டியைத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த நிறுத்தத்தில் இருந்த பத்துப் பதினைந்து பெண்களில் ஒருவர்கூட என் வண்டியைப் பார்க்கவில்லை. எல்லாத் தலையும் ஒரே சமயத்தில் மேற்கே திரும்பியது, ஆலைகள் இருக்கும் பக்கம். புகை எழுகிறதா என்று வானத்தைப் பார்த்தார்கள். ஒரு பாட்டி நின்ற இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேர் போனை எடுத்து எண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி எடுத்தவுடன், "ஏங்க, எங்க இருக்கீக, எங்க இருக்கீக?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் வண்டியை ஓரம் கட்டி இறங்கினேன். ஒரு பெண் என்னைப் பார்த்து ஓடி வந்தாள். என் மாணவி. நாலாம் வகுப்பில் என்னிடம் படித்தவள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், சாத்தூர் நிப்பு போட்ட பேனா ஒன்று பரிசாக வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அவள் அக்காள் சில வருஷத்துக்கு முன்னால் ஒரு வெடி விபத்தில் போய்விட்டாள். செய்தித்தாளில் இரண்டு பத்தி வந்த விபத்து. இப்போது அவள் கணவர் ஒரு ஆலையில், அவள் வேறொரு ஆலையில்.

"எந்தப் பக்கம் சார்?" என்றாள். "நீங்க அந்தப் பக்கமிருந்துதானே வாறீக, எந்தப் பக்கம் சார்?"

நான், "என் வண்டிம்மா" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. மறுபடியும், "சைலன்சர் வெடிச்சதும்மா, என் வண்டிதான்" என்றேன். அவள் வண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கோபித்திருந்தால் தேவலை. "நல்லவேளை சார்" என்று சொல்லிவிட்டு, திரும்பி மற்றவர்களைப் பார்த்துக் கத்தினாள்: "ஒண்ணுமில்ல, சார் வண்டி, ஒண்ணுமில்ல!" பிறகு அந்தப் பாட்டியைத் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு அம்மா மட்டும், "போங்க சார், இருட்டுறதுக்குள்ள போயிருங்க" என்றார்.

நம் ஊர் சத்தத்தை விற்றுச் சாப்பிடுகிற ஊர். வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி 125 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு வெடியின் சத்தத்துக்கு அரசாங்கம் அளவு வைத்திருக்கிறது. அந்த வெடியைச் செய்கிற கைகளுக்கு, நேரம் தவறி வரும் சத்தம் எல்லாம் ஒரே கேள்விதான். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். ஆசிரியர் தினம் என்பதால் எனக்கு அந்தத் தேதி மறக்காது. காலையில் பிள்ளைகள் கொடுத்த ரோஜாப்பூ மேசையில் இருந்தது. மதியம் செய்தி வந்ததும் வகுப்பில் பாதிப் பிள்ளைகள், "எங்கம்மா எந்தக் கம்பெனி சார்?" என்று என்னிடம் கேட்டார்கள். எனக்கு எப்படித் தெரியும்? அன்று பள்ளி விடுவதற்குள் ஒவ்வொரு அம்மாவாக வாசலுக்கு வந்து தன் பிள்ளைக்குத் தலையைக் காட்டிவிட்டுப் போனார்கள். 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். அதிலும் இருபது பேருக்கு மேல். இதையெல்லாம் பார்த்தவன் நான். பார்த்த பிறகும் காசு கொடுத்து என் வண்டிக்கு ஒரு வெடியைப் பொருத்தி வைத்திருந்தேன்.

மறுநாள் காலையில் பட்டறை திறக்கும் முன்பே வாசலில் நின்றேன். நடந்ததைச் சொன்னதும் மாணவன் டீயை வைத்துவிட்டு எழுந்தான். அவன் சித்தியும் ஆலைக்குப் போகிறவர்தான். ஒன்றும் பேசாமல் வண்டியைத் தூக்கி உள்ளே படுத்தான்.

ஏன் வெடித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு உதவும். ஓடுகிற வேகத்தில் காலை எடுக்கும்போது எஞ்சினுக்குள் கலவை சரியாக எரியாமல், கொஞ்சம் பெட்ரோல் ஆவி அப்படியே பைப்புக்குள் வந்துவிடும். பைப்பில் எங்கேயாவது ஒழுகல் இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுபடும். ஆவி, காற்று, பழுக்கச் சூடான பைப்பு, மூன்றும் சேர்ந்தால் பட்டாசுதான். எங்கள் வண்டியில் மேனிஃபோல்டும் பைப்பும் சேரும் இடத்தில் பேக்கிங் போயிருந்தது, கார்புரேட்டர் ஐட்லிங் சரியில்லை. பழைய தடுப்பு சைலன்சர் இருந்தவரை வெடித்தாலும் அது உள்ளேயே அமுங்கிப் போயிருக்கும். நாங்கள் தடுப்பை உருவி, வெடிக்கு நேர் வழி போட்டுக் கொடுத்துவிட்டோம். இழுவை கூடியதா என்றால், எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

பேக்கிங் மாற்றி, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, பிளக் இடைவெளி பார்த்து, டைமிங் வைத்தான். கம்பெனி அளவுக்கே ஒன்றரை அங்குல பைப்பும், உள்ளே அறை வைத்த சைலன்சரும் வாங்கி மாட்டினான். கூலி வாங்க மாட்டேன் என்றான். சட்டைப் பையில் திணித்துவிட்டு வந்தேன்.

அப்பாவின் சத்தம் வேண்டும் என்ற ஆசை மட்டும் போகவில்லை. அப்பாவோடு ஸ்டாண்டில் கார் ஓட்டிய ஒரு மாமா இன்னும் இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது, காது மட்டும் நன்றாகக் கேட்கிறது. அவரை வண்டியில் உட்கார வைத்துக் கிளப்பினேன். "மாமா, அப்பா வண்டி இப்படியா இருந்துச்சு? இதைவிடச் சத்தமா இருந்துச்சுல்ல?"

அவர் கொஞ்ச நேரம் கேட்டார். "உங்கப்பன் வண்டில ஏதுடா சத்தம்? சைலன்சர்ல ஊசி ஓட்டை விழுந்தாலும் முதலாளிகிட்டச் சண்டை போட்டு மாத்திருவான். சவாரி தூங்கணும்பான்."

"பாலத்துல வரும்போதே வீட்டுக்குக் கேட்குமே மாமா."

"ராத்திரி பதினோரு மணிக்கு ஊர்ல வேற என்னடா சத்தம் இருந்துச்சு? நாய்கூடக் குரைக்காது. அதான் கேட்டுச்சு. உங்கம்மா வேற தூங்காமக் காத்துக்கிட்டு இருப்பா."

எனக்கு வாயடைத்துவிட்டது. இவ்வளவு காலமும் நான் தேடியது சைலன்சரில் இல்லை. நாற்கர ரோடும், லாரியும், எட்டூர்வட்டம் சுங்கச்சாவடி வரிசையும் இல்லாத ஒரு ஊரின் ராத்திரியை இரண்டு அங்குல பைப்பில் கொண்டுவரப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு வாரம் கழித்து அதே ரோட்டில் அதே நேரத்துக்குப் போனேன். வேண்டுமென்றேதான் போனேன். வேகத்தடைக்கு முன்னால் காலை எடுத்தேன், வண்டி முனகிக்கொண்டு அடங்கியது. நிறுத்தத்தில் பெண்கள் ஏதோ சீட்டுக் கணக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு தலைகூடத் திரும்பவில்லை. கதவைச் சாத்திவிட்டுக் கிட்டே போய் நின்ற பிறகுதான் என் மாணவி பார்த்தாள்.

"அட, எப்ப சார் வந்தீக?"

அவளையும் அந்தப் பாட்டியையும் ஏற்றிக்கொண்டு போய் வீட்டில் விட்டேன். பாட்டி பின்சீட்டில் சாய்ந்து, "மெத்தை மாதிரில்ல இருக்கு" என்று சொல்லிவிட்டு ஊர் வருவதற்குள் தூங்கிப்போனார். மாணவி வழியெல்லாம் மகனின் பிளஸ் டூ மார்க்கைப் பற்றியே பேசினாள். அவனுக்கு ஐடிஐ-யில் மெக்கானிக் படிக்க ஆசையாம், நம் பட்டறைக்காரனிடம் சொல்லியிருக்கிறேன்.

புதுக் காணொளி கேட்டவர்களுக்கு: எடுத்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தம்தான் பதிவாகியிருக்கிறது.